நாம் பிறந்த துறைமுகமும் ஒரு பாடமே

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள ஒரு வீட்டுக்கு அண்மையில் நாம் சென்றிருந்தோம். வீட்டுத் தலைவர் துறைமுகத்திலே பணியாற்றுபவர். அவருடைய மூத்த மகள் க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் கலைப் பிரிவிலே சிறப்பாகச் சித்தியெய்திப் பல்கலைக்கழகம் புகும் தகுதியைப் பெற்றிருந்தாள். வீடு மகிழ்ச்சியில் திளைத்திருக்கும் என்று எண்ணிச் சென்ற நமக்கு, அங்கு நிலவிய மௌனம் வியப்பையே அளித்தது.

வரலாறு, புவியியல், மொழிகள் ஆகியவற்றைச் சேர்த்துப் படித்து, இந்து சமுத்திரத்துக் கரை நாடுகளைப் பற்றி ஆராய வேண்டும் என்பது அப்பெண்ணின் விருப்பம். தந்தைக்கோ அது விளங்கவில்லை.

"எல்லாம் சரி பிள்ளை, உதைப் படிச்சு என்ன வேலை எடுக்கப் போறாய்?" என்று அவர் கேட்டார்.

"அப்பா, நாங்கள் துறைமுகத்துக்குப் பக்கத்திலையே இருக்கிறம். அதைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள் மகள்.

மூலையில் அமர்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்த அப்பம்மா, "அவள் கேக்கிறதிலை என்ன பிழை?" என்று பேத்திக்காகப் பரிந்து பேசினார். தந்தை நம் பக்கம் திரும்பி, "நீங்கள் எழுதுகிற ஆள், நீங்களே சொல்லுங்கோ" என்றார்.

அன்று நாம் இரண்டொரு வார்த்தைகள் கூறி விடைபெற்றோம். அவ்விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. இதே வினா இன்று எத்தனையோ தமிழ் வீடுகளில் எழுகின்றது என்பதால், அன்று கூற இயலாததை இங்கே ஆறுதலாகக் கூற முற்படுகின்றோம்.

பிரதேசக் கற்கை என்பது யாது?

நம் முன்னோர் பல்கலைக்கழகத்தைச் 'சர்வகலாசாலை' என்று வழங்கினர். எல்லாக் கலைகளும் ஒருங்கே பயிலப்படும் இடம் என்பது அதன் பொருள். ஆனால் நடைமுறையில் ஒவ்வொரு கலையும் தன் அறைக்குள்ளே கதவடைத்துக்கொண்டு இருப்பதுதான் வழக்கம். வரலாறு படிப்பவன் மண்ணைப் பாரான். மண்ணைப் படிப்பவன் மொழியைக் கேளான்.

பிரதேசக் கற்கை இக்கதவுகளைத் திறக்கும் ஒரு முறை. ஒரு நிலப்பகுதியை நடுவே வைத்து, அதன் மொழி, வரலாறு, தரைத்தோற்றம், சமயம், பொருளாதாரம், அரசியல் ஆகிய அனைத்தையும் அதனைச் சுற்றி நிறுத்திப் படிப்பதே அது.

ஓர் உதாரணம் கூறுவோம். மகாவலி கங்கை மத்திய மலைநாட்டிலே தோன்றி, 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக் குடாவிலே கடலொடு கலக்கின்றது. அதன் தலைப்பகுதியில் தேயிலைத் தோட்டங்கள். இடையில் அணைகளும் குடியேற்றத் திட்டங்களும். முடிவில் மூதூர், கிண்ணியா மக்களின் வயல்களும் மீன்பிடித் துறைகளும். மலையில் ஓர் அணை கட்டப்பட்டால், கழிமுகத்து விவசாயியின் வாழ்வு ஏன் மாறுகின்றது? இவ்வினாவுக்குப் புவியியல் மாணவன் பாதி விடை கூறுவான். மீதி விடைக்கு வரலாறும், சட்டமும், பொருளியலும், மலையிலும் கரையிலும் வாழும் மக்களின் மொழிகளும் வேண்டும். அவற்றை ஒருவனே கற்க முயல்வதுதான் நாம் இங்கே பேசும் கல்வி.

சிறைப்பட்டவன் எழுதிய பாடநூல்

இக்கல்விக்குப் பல்கலைக்கழகங்கள் பெயர் சூட்டுவதற்கு நெடுங்காலம் முன்னரே, நமது திருகோணமலை மாவட்டத்தின் கரையில் அது ஒரு விபத்தாகத் தொடங்கியது.

1659-ம் ஆண்டின் இறுதியில், இந்தியாவின் கிழக்குக் கரையிலே புயலில் அகப்பட்டுப் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், அதனைச் சீர்செய்யக் கொட்டியாரக் குடாவை வந்தடைந்தது. கரையிறங்கிய தலைவரையும் அவர் மகன் ரொபேர்ட் நொக்ஸ் என்னும் இளைஞனையும் மாலுமிகள் சிலரையும் கண்டி அரசனின் ஆட்கள் 1660-ல் சிறைப்பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டு சென்றனர். தந்தை மறு ஆண்டே காய்ச்சலால் இறந்தார். மகனோ ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கே வாழ்ந்தான். சிங்கள மொழியைக் கற்றான்; தொப்பி பின்னி விற்றான்; நெல் கடன் கொடுத்து வாங்கினான். 1679-ல் தப்பி ஓடி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். 1681-ல் இலங்கையைப் பற்றிய அவனது நூல் இலண்டனில் அச்சாயிற்று.

உழவு, உணவு, அரசாட்சி, வழிபாடு, திருமணம், சட்டம் ஆகிய யாவும் அந்நூலில் உள. அக்காலத்து மலைநாட்டு மக்களின் அன்றாட வாழ்வை அறிய விரும்பும் எவரும் இன்றும் அதனையே நாடுகின்றனர். அவன் பட்டம் பெற்ற பண்டிதன் அல்லன். மக்களோடு வாழ்ந்தான், அவர் மொழியில் பேசினான், கண்டதைக் கண்டபடி நினைவில் வைத்தான். அவ்வளவே.

ஆயினும் ஒன்றை மறத்தல் ஆகாது. அந்நூல் அவன் நாட்டாருக்காக எழுதப்பட்டது. நம்மைப் பற்றிய அறிவு நம்மிடமிருந்தே புறப்பட்டுப் பிறர் கைக்குச் சென்ற கதைக்கு அது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

கோதுமையும் தமிழ்ப் புத்தகமும்

வல்லரசுகள் இவ்வறிவின் பயனை நன்கு உணர்ந்திருந்தன. கீழைநாட்டு மொழிகளையும் வாழ்வையும் கற்பிப்பதற்கென இலண்டனில் 1916-ல் ஒரு கல்லூரி நிறுவப்பட்டது. ஆட்சி புரியச் செல்லும் அதிகாரிகளுக்கு அம்மொழிகள் தேவைப்பட்டமை அதற்கு ஒரு முக்கிய காரணம். இரண்டாம் உலகப் போரிலே தாம் போரிட்ட நாடுகளைப் பற்றித் தமக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பதை அமெரிக்கர் கண்டுகொண்டனர். 1948-ல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் பிரவுண் என்னும் பேராசிரியர் தென்னாசியப் பிரதேசக் கற்கைக்கென ஒரு துறையை அமைத்தார். 1957-ல் சோவியத் நாடு செயற்கைக் கோளை விண்ணில் செலுத்தியதும் அமெரிக்கா திடுக்குற்றது. அடுத்த ஆண்டிலேயே இயற்றப்பட்ட கல்விச் சட்டம், விஞ்ஞானத்துக்கு மட்டுமன்றி அயல்மொழிகளுக்கும் பிரதேசக் கற்கைக்கும் பணம் ஒதுக்கியது.

இதனிலும் சுவையான செய்தி ஒன்று உண்டு. இந்தியாவுக்கு அமெரிக்கா விற்ற கோதுமையின் விலை ரூபாயாகவே இந்தியாவில் தங்கியிருந்தது. அப்பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு 1962 முதல் இந்திய மொழி நூல்கள் வாங்கப்பட்டு அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பப்பட்டன. தமிழ் நூல்களும் அவற்றுள் அடங்கும். நம் ஊர்க் கடையில் பழைய தாளாக எடைக்குப் போன புத்தகங்கள் சில, சிக்காகோ நகரத்து நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன என்றால் அதற்குப் பின்னே கோதுமை மூட்டை இருக்கின்றது!

இந்தியாவும் வாளாவிருக்கவில்லை. 1955-ல் புதுடில்லியில் சர்வதேசக் கற்கைகளுக்கான கல்லூரி தோன்றியது. 1970-ல் அது ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வீ. சூரியநாராயண் முன்னின்று வளர்த்த தெற்கு, தென்கிழக்கு ஆசியக் கற்கைகள் மையம், இலங்கையைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பேர்போனது.

எல்லோரும் விரும்பிய துறைமுகம்

நிற்க. இத்தனை பேரும் இத்தனை காலம் நமது கரையை ஏன் கூர்ந்து நோக்கினர்? விடை துறைமுகத்திலேயே இருக்கின்றது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்று எழும்பொழுது சோழமண்டலக் கரையிலே பாய்க்கப்பல்கள் ஒதுங்கிநிற்க இடமில்லை. சென்னையும் புதுச்சேரியும் அன்று திறந்த கடற்கரைகள். குன்றுகள் சூழ்ந்த, ஆழமான திருகோணமலையோ பெருங் கடற்படையையே புயலினின்று காக்க வல்லது. ஆகவே, சென்னையிலிருந்த ஆங்கிலேயரும் புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுக்காரரும் இத்துறைமுகத்தின்மேல் கண்வைத்தனர். காற்றின் இயல்பை அறியாதவன் இவ்வரலாற்றை விளங்கிக்கொள்ள மாட்டான்.

போர்த்துக்கேயர் 1620-களில் கோணேசர் ஆலயத்தை இடித்து அக்கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். 1639-ல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782-ம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து அதனைப் பறித்தனர். ஆகஸ்டிலோ பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரேன் ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். ஒரே ஆண்டில் மூன்று கொடிகள்! மீண்டும் ஒல்லாந்தர் வசமாகி, 1795-ல் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின், 1957 அக்டோபர் 15-ம் நாள் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்படும் வரை அவர் பிடி தளரவில்லை. இடையே, 1942 ஏப்ரல் 9-ம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மேல் குண்டு பொழிந்தன.

பிரித்தானியர் அமைத்த எண்ணெய்க் குதங்கள் இன்றும் காட்டினிடையே நிற்கின்றன. 1987-ல் இந்திய இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களிலும் அவை இடம்பெற்றன. 2022 ஜனவரியில் கைச்சாத்தான உடன்பாட்டின்படி, 99 குதங்களில் 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கும், 61 இவ்விரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் என ஒதுக்கப்பட்டன. காலையிற் பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் இவ்விபரத்தை அறிவர்?

கற்கள் பேசும் மொழிகள்

துறைமுகத்தை விட்டுச் சற்று உட்புறம் செல்வோம்.

நகருக்கு வடக்கே திரியாயில் உள்ள பௌத்தக் குன்றிலே ஒரு பாறைச் சாசனம் உண்டு. அதன் மொழி சமஸ்கிருதம். எழுத்தோ பல்லவர் நாட்டுக் கிரந்தத்தை ஒத்தது. கூறப்படுவதோ வணிகர் குழுக்களைப் பற்றிய செய்தி. பெரியகுளத்தருகேயுள்ள வெல்கம் விகாரையிலே சோழர் காலத்துத் தமிழ்ச் சாசனங்கள் காணப்படுகின்றன. பௌத்தப் பள்ளியான அது அச்சாசனங்களில் 'இராசராசப் பெரும்பள்ளி' என்று அழைக்கப்படுகின்றது. அதற்குத் தமிழில் பெயர் பொறித்துத் தானம் வழங்கியோர் உளர். கோட்டை வாயிலிலோ சிதைந்த தமிழ்ச் சாசனமும் பாண்டியரின் இணைக்கயல் சின்னமும் உள.

தமிழ் மட்டும் அறிந்தவன் திரியாய்க் கல்லின் முன் ஊமையாவான். சிங்களம் மட்டும் அறிந்தவன் வெல்கம் விகாரைக் கல்லின் முன் ஊமையாவான். பௌத்தம் என்றால் சிங்களம், சைவம் என்றால் தமிழ் என்று வாய்ப்பாடாக மனனம் செய்தவனோ இரண்டின் முன்னும் திகைத்து நிற்பான்.

கோணேசர் ஆலயத்தின் வரலாற்றுக்கும் இதே நிலைதான். திருஞானசம்பந்தர் பாடிய தலம் அது. 'கோணேசர் கல்வெட்டு' போன்ற தமிழ் நூல்கள் அதன் நடைமுறைகளைக் கூறுகின்றன. அதன் அழிவைப் பற்றிய செய்திகளுக்கோ, கெய்றோஸ் என்னும் போர்த்துக்கேயப் பாதிரியார் 1687-ல் எழுதி முடித்த நூலைத் தேட வேண்டியுள்ளது. ஒல்லாந்தர் காலத்தை அறியக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அவர்கள் விட்டுச்சென்ற ஏடுகளைப் புரட்ட வேண்டும். அவ்வேடுகள் டச்சு மொழியில் உள. அவற்றைப் படிக்கக்கூடிய தமிழர் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணிவிடலாம். நம் கதையின் பெரும்பகுதி நம்மால் வாசிக்க முடியாத மொழிகளில் பூட்டிக் கிடக்கின்றது.

அடுக்களையிலும் ஆராய்ச்சி

மாணவர்காள், இதற்கெல்லாம் வெகுதொலைவு செல்ல வேண்டும் என்று அஞ்சற்க. உங்கள் வீட்டு அடுக்களையிலிருந்தே தொடங்கலாம்.

காலையில் நாம் உண்ணும் 'பாண்' போர்த்துக்கேயர் தந்த சொல். அதனை வைக்கும் மேசையும், அமரும் கதிரையும், சட்டை வைக்கும் அலுமாரியும், அதன் சாவியும் அவர்கள் தந்தவையே. தந்தையார் வேலைக்குச் செல்லும் 'கந்தோர்' ஒல்லாந்தர் சொல். பாணுக்குத் தொட்டுக்கொள்ளும் சம்பலின் பெயரும், பெருநாளுக்குக் கிண்டும் தொதலின் பெயரும் மலாய் நாட்டுத் தொடர்பைக் காட்டுகின்றன. முஸ்லிம் அயலவர் வீட்டில் பழைய அரபுத் தமிழ் ஏடு ஒன்று இருக்குமாயின், அரபு எழுத்தில் தமிழ் எழுதப்பட்ட விந்தையைக் காணலாம். போர்த்துக்கேயர் இங்கிருந்து நீங்கி முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், அம்மொழியிலிருந்து பிறந்த ஒரு பேச்சு மொழியைத் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வாழும் பறங்கியர் சிலர் இன்றும் பேசுகின்றனர். மூதூர், வெருகல் பகுதிகளில் தமிழ் பேசும் கரையோர வேடர் வாழ்கின்றனர்.

2012-ம் ஆண்டின் குடிசனக் கணக்கெடுப்பின்படி, இம்மாவட்ட மக்களுள் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பேர் முஸ்லிம்கள். முப்பது பேர் தமிழர். இருபத்தேழு பேர் சிங்களவர். எவரும் தனித்துப் பெரும்பான்மையினர் அல்லர். அயலவனின் மொழியையும் வழக்கத்தையும் அறியாது இங்கே வாழ்வது, கலங்கரை விளக்கம் இன்றிக் கப்பல் ஓட்டுவதற்கு ஒப்பாகும். அதன் விளைவைப் பல பதிற்றாண்டுகள் நாம் அனுபவித்தோம்.

அப்பம்மாவும் ஓர் ஆசிரியரே. 1964 டிசம்பரில் வீசிய பெரும் புயலைப் பற்றி அவரிடம் கேட்டுப் பாருங்கள். கூரை பறந்த கதையையும், தென்னைகள் முறிந்த கதையையும் அவர் கூறுவார். அதே புயல்தான் இலங்கையின் குறுக்கே சென்று, பாக்கு நீரிணையைத் தாண்டித் தனுஷ்கோடியை அழித்தது. புயலுக்கு இருநாட்டு எல்லை தெரியவில்லை. நம் பாடநூல்களோ அதனை இரு வேறு கதைகளாக வைத்திருக்கின்றன. அப்பம்மாவின் வாய்மொழியையும் இராமேசுவரத்து முதியவர் ஒருவரின் வாய்மொழியையும் அருகருகே வைத்து எழுதும் மாணவி, ஒரு நல்ல பிரதேச ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டாள் என்றே நாம் கூறுவோம்.

நம்மவர் காட்டிய வழி

இத்துறையில் நம்மவர் எவரும் புகவில்லை என்று எண்ணுதல் தவறு. திருகோணமலையிற் பிறந்த த. சரவணமுத்துப்பிள்ளை சென்னை சென்று பணியாற்றியவர். தமிழகத்து நாயக்கர் ஆட்சிக்கால வரலாற்றை ஆதாரமாகக் கொண்டு 1895-ல் 'மோகனாங்கி' என்னும் நாவலை வெளியிட்டார். தமிழின் முதலாவது வரலாற்று நாவல் என்று அது போற்றப்படுகின்றது. ஒரு கரையிற் பிறந்தவர் மறு கரையின் வரலாற்றில் மூழ்கி எடுத்த முத்து அது.

தனிநாயகம் அடிகளாரை அறியாதார் யார்? யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியைச் சேர்ந்த அவர் 1952-ல் 'தமிழ்க் கலாசாரம்' பற்றிய ஆங்கில முத்திங்கள் ஏட்டைத் தொடங்கினார். பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியக் கற்கைகள் துறையின் தலைவரானார். அஃது ஒரு பிரதேசக் கற்கைத் துறையே. ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அவர் அறிந்திருந்தார். அதனாலேயே மேலைநாட்டு நூலகங்களில் உறங்கிக் கிடந்த பழைய தமிழ் அச்சு நூல்களை அவரால் அடையாளம் காண முடிந்தது. புறோயென்சா பாதிரியாரின் 1679-ம் ஆண்டுத் தமிழ் போர்த்துக்கேய அகராதியை 1966-ல் மீண்டும் பதிப்பித்தார். அதே ஆண்டில் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டையும் கூட்டினார். தமிழை நேசித்தமையால் அவர் பிற மொழிகளைக் கற்றார். பிற மொழிகளைக் கற்றமையால் தமிழுக்கு இழந்த செல்வம் மீண்டது.

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கற்கும் வழி

இனி, அந்தப் பெண் செய்ய வேண்டியது யாது?

இலங்கையில் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945-ல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயனாக, அரசாங்கப் பல்கலைக்கழகத்திலே முதற் பட்டத்துக்குப் பயிற்சிக் கட்டணம் இல்லை. வசதி குறைந்த மாணவருக்கு மகாபொல உதவிப் பணமும் கிடைக்கின்றது. வேறு பல நாடுகளில் பெற்றோர் கடன்பட்டுப் பெறும் கல்வி இது. 1986-ல் உருவான கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம், நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் அமைந்துள்ளது. இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 2001-ல் வளாகமாக உயர்ந்த நிலையம் அது. அங்கே மொழியும் தொடர்பாடலும், வணிகமும், பிரயோக விஞ்ஞானமும், சித்த மருத்துவமும் கற்பிக்கப்படுகின்றன. வந்தாறுமூலையிலும், யாழ்ப்பாணத்திலும், பேராதனையிலும் வரலாறு, புவியியல் முதலிய துறைகள் உள.

பட்டத்தின் பெயர் 'பிரதேசக் கற்கை' என்று இருத்தல் வேண்டும் என்பதில்லை. பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் விதமே முக்கியம். நமது ஆலோசனை இதுதான்: நிலத்தை அறிவிக்கும் பாடம் ஒன்று, காலத்தை அறிவிக்கும் பாடம் ஒன்று, மக்களின் பொருளையும் ஆட்சியையும் அறிவிக்கும் பாடம் ஒன்று என மூன்றையும் தெரிந்துகொள்க. அவற்றோடு சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் பிழையின்றி எழுதப் பேசப் பயில்க. மூன்றாம் ஆண்டுக்குள் போர்த்துக்கேயம், டச்சு, பிரெஞ்சு, அரபு, சீனம் ஆகியவற்றுள் ஒன்றையேனும் தொடங்குக. இறுதியாண்டு ஆய்வுக்குப் புத்தகத்திலிருந்து தலைப்பை எடுக்காது, பஸ் ஏறிச் சென்று கண்ட ஓர் ஊரிலிருந்து எடுத்துக்கொள்க. சட்டைப் பையில் ஒரு சிறு குறிப்புப் புத்தகம் எப்பொழுதும் இருக்கட்டும்.

வேலை கிடைக்குமா?

பெற்றோரின் வினாவை நாம் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. 2017-ல் கிழக்கு மாகாணத்து வேலையற்ற பட்டதாரிகள் மாதக் கணக்கில் வீதியோரம் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தமை அனைவரும் கண்ட காட்சி. பட்டம் மட்டும் சோறு போடாது என்பது உண்மையே.

ஆனால் அங்கே சோறு போடாதது கலைக்கல்வி அன்று; குறிப்புகளை மனனம் செய்து ஒப்பித்துப் பெற்ற பட்டம். தமிழும் அரசகரும மொழியாகிய இந்நாட்டில், இரு மொழிகளிலும் தேர்ந்த உத்தியோகத்தரின்றிப் பல கந்தோர்களில் பொதுமக்கள் அல்லற்படுகின்றனர். நிருவாக சேவைக்கும் வெளிநாட்டுச் சேவைக்கும் போட்டிப் பரீட்சைகள் நடைபெறுகின்றன. மொழிபெயர்ப்பு, பத்திரிகைத் தொழில், சுவடிக் காப்பகம், தொல்பொருள், உல்லாசப் பிரயாணத்துறை, துறைமுக வணிகம் ஆகிய அனைத்தும் ஊரையும் உலகையும் சேர்த்து அறிந்தவரையே வேண்டி நிற்கின்றன. மூன்று மொழிகளும் களப் பயிற்சியும் உடைய பிள்ளை வாசலில் நெடுநாள் நிற்க வேண்டியதில்லை என்பது நமது நம்பிக்கை. உடனே கிடைக்கும் என்று நாம் சத்தியம் செய்ய மாட்டோம். வைத்தியப் படிப்பைப்போல நேரே ஒரு பாதை இதற்கு இல்லை. தேடி நடக்க வேண்டும்.

யார் எழுதுவது?

வேலையினும் பெரிதாக ஒன்று உண்டு. துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் உள்ள சம்பூரை நினைத்துப் பாருங்கள். 2006-ல் அப்பகுதி மக்கள் யுத்தத்தால் இடம்பெயர்ந்தனர். அங்கே இந்தியாவின் கூட்டுறவுடன் நிலக்கரி அனல்மின் நிலையம் ஒன்று திட்டமிடப்பட்டது. 2015 முதல் மக்கள் தம் நிலத்துக்கு மீளத் தொடங்கினர். 2016-ல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் அதே சம்பூரில் சூரிய ஒளி மின் திட்டம் பேசப்பட்டது.

இத்தனை ஆண்டுகளில் சம்பூரைப் பற்றித் தலைநகரங்களிலே எத்தனையோ அறிக்கைகள் எழுதப்பட்டிருக்கும். அவ்வூர்க் குளம் எது, எந்த வயல் யாருக்கு உரியது, கரைவலை எங்கே இழுக்கப்படும் என்பதை அறிந்த ஒருவர், மின்சாரக் கணக்கையும் சர்வதேசச் சட்டத்தையும் அறிந்து, மூன்று மொழிகளில் எழுதவும் வல்லவராக அந்த மேசையில் அமர்ந்தால் எப்படியிருக்கும்? அத்தகைய ஒருவரை உருவாக்குவதே இக்கல்வியின் நோக்கம். பிறர் நம்மைப் படித்ததில் குற்றமில்லை. நொக்ஸும் கெய்றோஸும் எழுதியிராவிடின் நமக்கே பல செய்திகள் தெரியாமற் போயிருக்கும். நாம் நம்மைப் படியாதிருப்பதுதான் குறை.

ஆகவே, அந்த வீட்டுத் தந்தைக்கு நாம் இன்று கூறும் விடை இதுவே: ஐயா, உங்கள் மகள் கேட்டது வெறும் ஆசைக் கேள்வியன்று. நீங்கள் நாள்தோறும் வேலைக்குச் செல்லும் துறைமுகத்துக்காக நான்கு நாடுகள் போரிட்டன. அதன் கதையை உங்கள் வீட்டுப் பிள்ளை எழுதட்டும். அவளைப் போகவிடுங்கள். கடுமையாகப் படிக்கச் சொல்லுங்கள். சிங்களம் கற்கவும், ஊரூராகச் செல்லவும் தடை சொல்லாதீர்கள்.

மகளுக்கும் ஒரு சொல். பல்கலைக்கழகம் திறக்கச் சில வாரங்கள் இருக்கக்கூடும். அதுவரை காத்திராதே, பிள்ளாய். இன்று மாலையே ஒரு குறிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அப்பம்மாவின் பக்கத்தில் அமர்ந்து, அந்தப் புயலைப் பற்றிக் கேட்கத் தொடங்கு.